கடலைப் பார்த்து ஒரு ஸீட்

ஆடி மாதத்துக்கு அம்மன் கோயில் கூழ், மார்கழிக்குச் சங்கீத சபா என்று சென்னைப் பட்டணத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விசேஷம் உண்டு. வைகாசிக்கும் ஆனிக்கும் உள்ள விசேஷத்துக்குப் பெயர் 'காத்திருத்தல்.' பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்துவிட்டது. காலேஜில் இடம் கிடைத்ததா என்ற சமாசாரம்தான் இன்னும் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நாட்களில், பெண் இருக்கிற வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். அடுப்பில் பால் பொங்கி வழியும். பெண் கவனிக்க மாட்டாள். ஸெல்போன் 'டிங்' என்றால் போதும், மாடியிலிருந்து நாலு நாலு படியாகத் தாண்டி ஓடி வருவாள். பார்த்தால், காஸ் சிலிண்டர் பதிவாகிவிட்டது என்று செய்தி வந்திருக்கும்!

"என்னடி, சதா யோசனை?" என்று அம்மா கேட்டால், "ராங்க் லிஸ்ட்டைப் பற்றித்தான், அம்மா" என்பாள். அது பாதி உண்மை. மற்றப் பாதியை அவள் வெளியில் சொல்வதில்லை. முதல் நாள் எந்தச் சுடிதார் போட்டுக்கொள்வது? பக்கத்தில் யார் வந்து உட்காருவார்கள்? காண்டீனில் தனியாக நிற்கும்படி ஆகிவிடுமா? ஹாஸ்டலில் நம்மோடு ஒரே அறையில் இருக்கப் போகிற பெண் ராத்திரி விளக்கை அணைக்க விடுவாளா, மாட்டாளா? ஆண்டு விழா நாடகத்தில் நமக்கு ஒரு வேஷம் கிடைக்குமா?

இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால், "படிக்கப் போகிறாயா, கூத்தடிக்கப் போகிறாயா?" என்று பாட்டி கேட்பாள். அதனால் பெண்ணரசி ராங்க் லிஸ்ட்டோடு நிறுத்திக்கொள்கிறாள்.

சொல்லாமல் விட்ட அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச உத்தேசம். அதற்குத் தோதான இடம் மெரினா கடற்கரைச் சாலைதான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வரிசையாகக் காலேஜுகள். வாருங்கள், ஒரு நடை போய் வருவோம்.

சிவப்புக் கட்டிடங்கள்

சேப்பாக்கம் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலை விட்டு இறங்கி, வாலாஜா சாலையில் கடலை நோக்கி நடந்தால், சாலை முடிகிற இடத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பல்கலைக்கழகங்களும் பிறந்தது 1857-ம் வருஷம். இங்கே கும்மட்டங்களோடு கம்பீரமாக நிற்கும் ஸெனட் ஹவுஸைக் கட்ட 1874-ல் ஆரம்பித்து 1879-ல் முடித்தார்கள். கட்டிடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். பல்கலைக்கழகம் தோன்றிப் பல வருஷங்கள் கழித்துத்தான் எதிரே இருக்கிற உலாவும் சாலை வந்தது. 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் துரை அதைப் போட்டு, 'மெரினா' என்று பெயரும் வைத்தார்.

தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பிரஸிடென்ஸி காலேஜ் என்கிற மாநிலக் கல்லூரி. 1840-ல் சிறு பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது. ஸர் ஸி. வி. ராமன் படித்தது இங்கேதான் என்று எல்லோரும் சொல்வார்கள். நமக்கு வேண்டியது இன்னொருவர் கதை.

மயிலாப்பூரில் 1886-ல் பிறந்த சுப்பலக்ஷ்மிக்குப் பதினோரு வயதில் கல்யாணம் ஆயிற்று. ஆன கொஞ்ச நாளிலேயே கணவன் போய்விட்டான். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு விதித்த வாழ்க்கை என்னவென்று உங்களுக்குத் தெரியும். அடுப்பங்கரையும் ஒரு மூலையும். ஆனால் அவருடைய தகப்பனார் பெண்ணைப் படிக்க வைத்தார். 1911-ல் இந்தக் காலேஜிலிருந்து பி.ஏ. பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவர்தான். பிற்பாடு 'ஸிஸ்டர் சுப்பலக்ஷ்மி' என்று ஊரே அழைத்தது.

கதை அதோடு முடியவில்லை. சுமார் இருபது வருஷம் கழித்து அவருடைய தங்கை மகள் லலிதா, அதே காலேஜில் பௌதிகம் படிக்க வந்தார். அவருக்கு ஒரு வகுப்பு மேலே படித்துக்கொண்டிருந்தார் சந்திரசேகர் என்ற பையன். பழக்கம் ஏற்பட்டது. பையன் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனார். வருஷக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. 1936-ல் கல்யாணம். 1983-ல் அந்தப் பையனுக்கு நோபல் பரிசு!

அம்மாமார்கள் பதற வேண்டாம். காலேஜ் சிநேகமெல்லாம் கல்யாணத்திலோ நோபல் பரிசிலோதான் முடியும் என்று நான் சொல்லவில்லை. பெரியம்மா நுழைந்த கதவு வழியாகத்தான் தங்கை மகளும் நுழைந்தாள் என்பதைச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு ஸீட் கிடைத்தால், அது அவள் ஒருத்திக்கு மட்டும் கிடைத்ததாக ஆகாது.

ஐஸ் வைத்த வீடு

இன்னும் தெற்கே போனால், முகப்பு வளைந்து உருண்டையாக ஒரு கட்டிடம் கண்ணில் படும். 1842-ல் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பனிக்கட்டியை இங்கே வைத்திருந்து விற்றார்கள். அதனால் 'ஐஸ் ஹவுஸ்.' 1897-ல் சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கினார். அதை வைத்து இப்போது 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர்.

சுவாமிகள் தங்கிப் போன பிறகு இன்னொரு காலம் உண்டு. ஸிஸ்டர் சுப்பலக்ஷ்மி, கணவனை இழந்த சின்னஞ்சிறு பெண்களை அழைத்து வந்து படிக்க வைத்தாரே, அந்த விடுதி இங்கேதான் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல்! அதுவரை கொல்லைப்புறத்தைத் தாண்டி அறியாத குழந்தைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு தோழி. பாடம் மறந்தால் கேட்க ஒரு தோழி. தலைவாரிக் கொள்வதற்கே உரிமை இல்லாதவளைப் பார்த்து, "வா, விளையாடலாம்" என்று கூப்பிட ஒரு தோழி.

அவர்களும் காத்திருந்தவர்கள்தான். ராங்க் லிஸ்ட்டுக்கு அல்ல. வீட்டிலே ஒரு பெரியவர், "சரி, போய் வா" என்று சொல்ல வேண்டுமே, அந்த ஒரு வார்த்தைக்காக.

அந்த நாட்களில் காலேஜ் வாசல் திறப்பதும் சாமானியமாக இல்லை. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி 1904-ல் புதுக்கோட்டை மகாராஜா காலேஜில் சேர விண்ணப்பம் போட்டபோது, ஒரு பெண் பையன்களோடு படிப்பதாவது என்று எதிர்ப்புக் கிளம்பியது. சமஸ்தான மன்னரே தலையிட்டு உத்தரவு கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. அந்தக் காலேஜில் அவர் ஒருத்திதான் பெண். 1907-ல் சென்னை மெடிகல் காலேஜில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். மகா கெட்டிக்காரர், வைரம் பாய்ந்த நெஞ்சு. ஆனால் புதுக்கோட்டையில் வகுப்பு முடிந்ததும், "இன்றைக்கு வாத்தியார் சொன்னது உனக்குப் புரிந்ததா?" என்று கேட்கப் பக்கத்து பெஞ்சில் ஒரு சிநேகிதி இருந்திருக்க மாட்டாளே!

முப்பத்தேழு பெண்கள்

மேலும் நடந்தால், டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை வந்து கடற்கரைச் சாலையில் சேருகிற இடத்தில் ராணி மேரி கல்லூரி. பட்டணத்தில் பெண்களுக்கென்றே ஏற்பட்ட முதல் காலேஜ். 1914-ல் 'கேப்பர் ஹவுஸ்' என்ற பழைய பங்களாவில் ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு அது ஹோட்டலாக இருந்த இடம். முதல் பிரின்ஸிபால், டாரதி டி லா ஹே என்ற ஆங்கில மாது. முதல் வருஷம் வந்து சேர்ந்த மாணவிகள் 37 பேர். 'ராணி மேரி' என்ற பெயர் 1917-ல்தான் வந்தது.

முப்பத்தேழு பேர்! இன்றைக்கு ஒரு வகுப்பில் இருக்கிற கூட்டம். ஆனால் முத்துலக்ஷ்மி அம்மையார் தனி ஒருத்தியாக உட்கார்ந்து பத்தே வருஷம்தான் ஆகியிருந்தது. ஒன்றிலிருந்து முப்பத்தேழுக்கு வந்ததில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. ஒருத்தி இருந்தால் வேடிக்கை பார்ப்பார்கள். முப்பத்தேழு பேர் சேர்ந்து சாலையில் நடந்தால் வழி விடுவார்கள்.

பென்ட்லண்ட் ஹவுஸ், ஸ்டோன் ஹவுஸ், ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று பிறகு ஒவ்வொன்றாகக் கட்டிடங்கள் சேர்ந்தன. ஆதி கேப்பர் ஹவுஸ் இப்போது இல்லை. 2003-ல் காலேஜுக்கே ஆபத்து வந்தது. இந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டுவது என்று அரசாங்கம் யோசனை செய்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகராமல் உட்கார்ந்துவிட்டார்கள். என்றைக்கோ படித்து முடித்துக் குடும்பம் நடத்துகிற பழைய மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அந்த யோசனை கைவிடப்பட்டது. அத்தனை பேரை ஒன்றாக உட்கார வைத்தது எது? பாடப் புத்தகம் மட்டுமாக இருக்க முடியாது. மரத்தடியில் பங்கு போட்டுத் தின்ற புளியோதரைக்கும் அதில் பாத்தியதை உண்டு.

மஞ்சள் பை

ஒரு ஆனி மாதக் காலை. கவுன்ஸிலிங் நடந்துகொண்டிருந்த சமயம். காலேஜ் வாசலுக்கு வெளியே, நடைபாதை மர நிழலில் ஒரு தாயும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்தவர்கள். அம்மாள் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள்ளே டி.ஸி., மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம். கல்யாண நகைப் பையைக்கூட அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்க மாட்டாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண் சட்டென்று பேச ஆரம்பித்துவிட்டாள். சில பெண்களுக்குக் கவலை வந்தால் பேச்சு அதிகமாகும்.

"ஆன்ட்டி, உள்ளே போய்ப் பார்த்திருக்கீங்களா? மாடியிலேருந்து கடல் தெரியுமாமே? கல்ச்சுரல்ஸெல்லாம் பிரமாதமா இருக்குமாமே? சினிமாவிலே வர்ற மாதிரியே இருக்குமா?"

"சினிமாக் காலேஜில் பாடமே நடப்பதில்லை, குழந்தை. நாலு பாட்டு, ஒரு சண்டை, அதற்குள் பட்டமளிப்பு விழா வந்துவிடும். இங்கே அட்டெண்டன்ஸ் உண்டு, இன்டெர்னல் பரீட்சை உண்டு" என்றேன்.

அவள் சிரித்தாள். அம்மாள் சிரிக்கவில்லை.

"பூகோளம் கேட்டிருக்குது. கிடைக்கும்னுதான் சொல்றாங்க" என்றாள் அம்மாள். "கிடைச்சா ஹாஸ்டல்லதான் விடணும். அதுக்கு அவங்கப்பா சம்மதிக்கலை. வீட்டுலேருந்து போய் வர்ற தூரத்துலே ஒரு காலேஜ் இருக்கு, அங்கேயே போகட்டும், படிப்பு எல்லாம் ஒண்ணுதானேங்கறார்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அம்மாள் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளிடம், "தண்ணி பாட்டிலை ரொப்பிக்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"நானும் ப்ளஸ் டூ பாஸ் பண்ணினவதாங்க. காலேஜுலேருந்து 'இடம் இருக்கு, வந்து சேரலாம்'னு கார்டும் வந்தது. அப்பா அதைக் காலண்டர் ஆணியிலே மாட்டி வெச்சார். அவ்வளவுதான். அந்த வருஷமே கல்யாணம். நான் குறை சொல்லலை, இவர் தங்கமானவர். ஆனா என்கூடப் படிச்ச ஒருத்தி காலேஜுக்குப் போனா. அவளுக்கு இன்னிக்கும் ஏழெட்டு சிநேகிதிங்க இருக்காங்க. ஒருத்தி ஆஸ்பத்திரியிலே கிடந்தா மத்தவங்க ஓடி வர்றாங்க. எனக்கு யாருங்க இருக்கா? இவரோட தங்கச்சி, இவரோட அண்ணி, இவரோட சித்தி. எனக்குன்னு ஒருத்தரும் கிடையாது."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பட்டம் வாங்காததை எண்ணி வருத்தப்படுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். உத்தியோகம் பார்க்காததை எண்ணி ஏங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தனக்கென்று ஒரு சிநேகிதி இல்லையே என்று இருபத்தைந்து வருஷம் மனசுக்குள் வைத்திருந்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெண் தண்ணீரோடு திரும்பி வந்தாள். உள்ளேயிருந்து யாரோ வந்து, அடுத்த நம்பர் வரிசைக்காரர்கள் வரலாம் என்று சொன்னார்கள். அம்மாள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, மஞ்சள் பையை மகள் கையில் கொடுத்தாள்.

"உள்ளே போனதும் முதல்லே, ஹாஸ்டல் ஃபாரம் எங்கே தர்றாங்கன்னு கேளு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

காத்திருக்கிறவர்களுக்கு

இனி, வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். தமிழ்நாட்டில் அரசுக் கலைக் காலேஜுகளுக்கு 2020 முதல் கம்ப்யூட்டர் வழியாகத்தான் விண்ணப்பம். பி.ஏ. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அந்தந்த மொழியில் வாங்கிய மார்க்கைப் பார்த்து ராங்க் போடுகிறார்கள். மற்றப் பாடங்களுக்கு மொழிப் பாடம் இரண்டையும் விட்டுவிட்டு, பாக்கி நாலு பாடத்துக்கும் சேர்த்து 400-க்கு எவ்வளவு என்று கணக்கு. ஆகையால், "பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மொத்தத்தில் என்னைவிட மார்க் குறைச்சல், அவளுக்கு எப்படி முன்னால் ராங்க்?" என்று ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை. முதலில் விளையாட்டு வீரர்கள், மாற்றுத் திறனாளிகள் போன்ற விசேஷப் பிரிவினருக்குக் கவுன்ஸிலிங். அதற்கப்புறம்தான் பொதுப் பிரிவு. நூறு இடம் என்றால் 69 இட ஒதுக்கீட்டுக்கு, 31 பொதுவில். முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. வேறு காலேஜில் இடம் கிடைத்து விலகிப் போகிறவர்கள் எப்போதும் உண்டு. காலியான இடத்துக்கு அடுத்த சுற்றில் கூப்பிடுவார்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பமாயிற்று. ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லேயே வந்துவிட்டது. இதையெல்லாம் ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டால், "பெண்ணை எப்படி அனுப்புவது?" என்று கேட்கிற மாமாவுக்குப் பதில் சொல்லச் சௌகரியமாக இருக்கும்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் நாளே ஏழு சிநேகிதிகள் கிடைத்துவிட மாட்டார்கள். முதல் வாரம் பெரும்பாலும் அழுகையாகத்தான் இருக்கும். எல்லோரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டது போலவும், உன்னை மட்டும் யாரும் கூப்பிடாதது போலவும் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருக்கும். "பேனா இருக்கிறதா?" என்று கேள், போதும். உலகத்தில் முக்கால்வாசி சிநேகம் ஒரு பேனாவிலோ, ஒரு டிபன் பாக்ஸிலோதான் ஆரம்பமாகிறது.

அம்மாமார்களே! உங்கள் பெண் ராங்க் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வந்து, ஹாஸ்டலையும் தோழிகளையும் ஆண்டு விழா நாடகத்தையும் பற்றிப் பேச ஆரம்பித்தால், "இதுதானா உனக்கு முக்கியம்?" என்று அடக்கிவிடாதீர்கள். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். படிப்பில் வாங்குகிற மார்க் முதல் உத்தியோகத்துக்கு உதவும். அங்கே சேர்க்கிற மனுஷர்கள், நீங்களும் நானும் இல்லாத காலத்திலும் அவளுக்கு உதவுவார்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் சாயங்காலம் மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். வெயில் தணிந்து கடல் காற்று வீசுகிற நேரம். மணலில் ஒரு கும்பல் மாமிகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் ஐம்பது, அறுபது வயசு. நடுவிலே ஒரு பொட்டலம் சுண்டல். ஒருத்தி எதையோ சொல்ல, மற்றவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "நீங்களெல்லாம் சொந்தக்காரர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லையே, காலேஜ்!" என்று ஒரே குரலில் பதில் வரும்.